முட்டுக்கு எண்ணெய் ஊசி

1. முதல் நாள்

நான் தென்காசியில் கிளினிக் திறந்தது எழுபத்திரண்டில். கோயிலுக்குத் தெற்கே ஒரு தெருவில், அதற்கு முன்பு ஜவுளிக்கடையாக இருந்த இடம். முதல் நாள் முதல் நோயாளியாக ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயது இருக்கும். இரண்டு முட்டிலும் வலி என்றார். புது டாக்டருக்கே உரிய உற்சாகத்தில் அவரை நெடுநேரம் பார்த்தேன். காலை மடக்கிப் பார்த்தேன், நீட்டிப் பார்த்தேன், முட்டின்மேல் உள்ளங்கையை வைத்து உள்ளே நறநறவென்று உரசுவதை உணர்ந்தேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினேன். எலும்பு முனையில் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, வயதானால் பலருக்கும் வருவதுதான், தொடைச் சதையைப் பலப்படுத்தினால் முட்டின்மேல் விழும் பாரம் குறையும், வலி அதிகமான அன்று சாப்பிட்ட பிறகு ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாம், குத்தவைத்து உட்காருவதைக் குறையுங்கள். காலை நீட்டித் தூக்கிப் பிடிக்கும் பயிற்சியையும் செய்து காட்டினேன்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவர் கேட்டார்: "சரி, ஊசி?"

ஊசி தேவையில்லை என்றேன். என்னை இரக்கத்தோடு பார்த்தார். வெளியே போய் என் கம்பவுண்டர் மாடசாமியிடம் அவர் சொன்னது தடுப்புப் பலகையைத் தாண்டி எனக்குத் தெளிவாகவே கேட்டது. "பொம்பளப்பிள்ளைல்லா, ஊசி போடப் பயப்படுது போல. இப்பதான படிச்சிட்டு வந்திருக்கு, பாவம்."

மாடசாமி என்னைவிட மூத்தவர், ஊர் நிலவரம் அறிந்தவர். அன்று சாயங்காலமே ஒரு யோசனை சொன்னார். சிவப்பு நிறத்தில் வைட்டமின் ஊசி கிடைக்கும், வாங்கி வைத்துக்கொள்ளலாம், வலிக்கு வந்தாலும் காய்ச்சலுக்கு வந்தாலும் ஆளுக்கு ஒன்று போட்டு அனுப்பினால் கூட்டம் தானாக வரும் என்றார். "வெள்ள ஊசிக்குக்கூட மதிப்பு இல்ல டாக்டரம்மா. செவப்பாப் போட்டாத்தான் மருந்து ஏறுதுன்னு நம்புதாவ." அவர் சொன்னது உண்மை என்பதுதான் எனக்கு எரிச்சலை மூட்டியது. தேவையில்லாத ஊசியை நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் ரொம்ப நாளைக்கு என் பெயர் 'ஊசி போடாத டாக்டரம்மா' என்றே இருந்தது. பாராட்டாகச் சொல்லப்பட்ட பெயர் இல்லை அது.

2. கதவுக் கீல்

இதை எழுதச் சொன்னது இப்போது பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் டாக்டர்கள். முட்டு வலிக்காரர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே நான் ஏன் சிடுசிடுக்கிறேன் என்று கேட்டார்கள். காரணம் குற்றாலத்துக்கு வந்துபோன ஒரு மனிதர். அவருக்கு எங்கள் பக்கம் வைத்த பெயர் சீசன் டாக்டர்.

எழுபதுகளின் கடைசியில் அவர் வர ஆரம்பித்தார். ஆனியில் சாரல் விழுந்ததும் வருவார். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் கீழ்த்தளத்தை எடுத்துக்கொள்வார். ஆவணியில் சாரல் நின்றதும் பெட்டியைக் கட்டிவிடுவார். எந்த ஊர், என்ன படிப்பு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அருவியில் குளிக்க மதுரையிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் வந்தவர்கள், செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று வாசலில் எப்போதும் வரிசை நின்றது. எங்கள் தென்காசிக்காரர்களும் அதில் நின்றார்கள், என்னிடம் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட.

என்னதான் செய்கிறார் என்று பார்க்க ஒரு சாயங்காலம் குடையைப் பிடித்துக்கொண்டு நானே போனேன். கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் மேசைமேல் ஒரு சின்னப் பலகை இருந்தது. அதில் துருப்பிடித்த கதவுக் கீல் ஒன்றைப் பொருத்தியிருந்தார். கீலை ஆட்டினார், கிறீச்சென்று கத்தியது. அதில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி ஆட்டினார், சத்தமே இல்லை. "இதுதான் உங்கள் முட்டு. உள்ளே எண்ணெய் வற்றிவிட்டது. நான் எண்ணெய் விடுகிறேன். அதன் பிறகு உங்களுக்கு வலி என்பதே இருக்காது" என்றார். பெஞ்சிலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். எண்ணெய்க் குளியலுக்கென்றே குற்றாலம் வந்த ஜனங்களிடம் இதைவிடப் பொருத்தமாக வேறு என்ன சொல்லிவிட முடியும்? மேலே தேய்த்தே இவ்வளவு சுகம் என்றால் உள்ளே விட்டால் எப்படி இருக்கும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மனிதருக்கு நோயாளியைத் தொடத் தெரிந்திருந்தது. ஒவ்வொருவர் முட்டையும் இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் எத்தனை, மருமகள் கவனிக்கிறாளா என்றெல்லாம் விசாரித்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. ஒரே கண்ணாடி சிரிஞ்சு, ஒரே ஊசி. ஒருவருக்குப் போட்டதும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்தவருக்குப் போட்டார். மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருந்தது.

இது என்ன மருந்து என்று கேட்டேன். "மூலிகை எண்ணெயின் சாரம் சகோதரி. வெளிநாட்டில் சுத்தம் செய்தது" என்று சிரித்தார். காலிப் புட்டிகளை லேபிள் சுரண்டித்தான் வெளியே போட்டிருந்தார்கள்.

அது எண்ணெயும் இல்லை, சாரமும் இல்லை. ஹைட்ரோகார்ட்டிசோன் வகை ஸ்டீராய்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த மருந்தைக் குறை சொல்லவில்லை. முட்டு நன்றாக வீங்கியிருக்கும்போது, சுத்தமாக, எப்போதாவது ஒருமுறை போட்டால் சில வாரங்களுக்கு வலி அடங்கும். நானே போட்டிருக்கிறேன். ஆனால் தேய்ந்துபோன குருத்தெலும்பை அது வளர்க்காது. வாராவாரம் போட்டால் இருப்பதையும் கெடுக்கும். சர்க்கரை உள்ளவருக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். இதையெல்லாம் வாய் வலிக்கச் சொன்னேன். கேட்பார் இல்லை.

சொல்லாமல் விடமுடியாத இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. ஆடியில் ஊசி போட்டவருக்கு ஆவணிவரை வலி இருக்காது. அதுவரை சீசன் டாக்டர் ஊரில் இருப்பார், புகழ் பரவும். ஐப்பசி மழையில் வலி திரும்பி வரும்போது அவர் இருக்கமாட்டார். எல்லோரும் குடையை மடக்கிக்கொண்டு என் கிளினிக்குக்கு வருவார்கள். "அவரு போட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சு டாக்டரம்மா. உங்க மாத்திர ஆரம்பிச்ச பொறவுதான் திரும்ப வலிக்கு" என்பார்கள். நல்லது எல்லாம் அவர் கணக்கில், கெட்டது எல்லாம் என் கணக்கில். வருஷாவருஷம் இதே கதை. ஒரு அதிகாரியிடம் புகார் சொல்லப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் அம்மாவுக்கு அங்கே இரண்டு ஊசி போட்டிருக்கிறது, இப்போது மாடிப்படி ஏறுகிறாள் என்றார்.

3. தவசிப்பிள்ளை

கல்யாணச் சமையல்காரரை எங்கள் பக்கம் தவசிப்பிள்ளை என்போம். இலஞ்சி ஆறுமுகம் அண்ணாச்சி இந்த வட்டாரத்தில் பேர்பெற்ற தவசிப்பிள்ளை. அவர் வைக்கும் தேங்காய்ப்பால் சொதிக்காகவே கல்யாணத்துக்கு வந்தவர்கள் உண்டு. அறுபதைத் தாண்டியவர். கனத்த உடம்பு, முழங்கைவரை எண்ணெய் தெறித்த தழும்பு. சர்க்கரைக்கு என்னிடம்தான் மாத்திரை வாங்கினார். கோட்டையடுப்பு முன்னால் காலமெல்லாம் நின்றதில் வலது முட்டு தேய்ந்துபோயிருந்தது.

எண்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில் அவர் வந்து என் எதிரே உட்கார்ந்தார். வலி என்று சொல்லவில்லை, விஷயத்தைச் சொன்னார்.

"எத்தனையோ பந்திக்குச் சமைச்சுப் போட்டாச்சு டாக்டரம்மா. ஒரு மொதப் பந்தியிலயும் நான் உக்காந்ததில்ல. தவசிப்பிள்ள எப்படி உக்கார முடியும்? வார தையில எம் மவளுக்குக் கல்யாணம். அன்னைக்குச் சம்பந்தி பக்கத்துல எல போட்டு, சம்மணம் கூட்டி உக்காந்து சாப்பிடணும். அதுக்கு இந்த முட்டு மடங்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

பெஞ்சு போட்டு உட்காரலாமே என்று நான் சொன்னதுதான் தாமதம், முகம் சுருங்கிவிட்டது. "பெஞ்சுல உக்காந்து திங்கதுக்கு அது என்ன ஓட்டலா?" என்றார். எனக்கு அந்த ஆசை பிடித்திருந்தது. ஊருக்கெல்லாம் பரிமாறியவர் தன் மகள் கல்யாணத்தில் ஒரு இலைமுன் உட்கார ஆசைப்படுவதில் என்ன தவறு? இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது, பயிற்சியை விடாமல் செய்து எடையையும் குறைத்தால் முழுதாக இல்லாவிட்டாலும் ஒரு பந்தி நேரம் உட்காருகிற அளவுக்குக் கொண்டுவரலாம் என்று சொன்னேன். முட்டுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, காலை நீட்டித் தூக்கி நிறுத்துவது, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். செய்தார். ஆனி பிறப்பதற்குள் முன்னைவிடக் கூடுதலாகக் கால் மடங்கியது. என் டாக்டர் வாழ்க்கையில் சொன்னதைச் செய்த முட்டு வலிக்காரர் இவர் ஒருவராவது கிடைத்தாரே என்று நான் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதி ஆடிவரைக்கும்தான்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. தவசிப்பிள்ளைக்கு வேலையில்லாத மாதம். சாரலும் அருவியும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு காலையில் கிளினிக்கில் நல்ல கூட்டம். ஆறுமுகம் அண்ணாச்சி உள்ளே வந்தார், வணக்கம் சொன்னார், எல்லோருக்கும் நடுவில் தரையில் சம்மணம் கூட்டி உட்கார்ந்தார். பிறகு கையை ஊன்றாமல் எழுந்து நின்றார்.

"பாத்தியளா டாக்டரம்மா. ஒரே ஊசி."

காத்திருந்தவர்கள் என்னை மறந்துவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டார்கள். எங்கே, எப்போது, எந்த லாட்ஜ் என்று கேள்விமேல் கேள்வி. நான் அவரை உள்ளே இழுத்துப்போய், முதல் வேலையாகச் சிறுநீரைச் சோதித்தேன். அந்தக் காலத்தில் பெனடிக்ட் கரைசலில் விட்டுக் கொதிக்கவைத்து நிறத்தைப் பார்ப்போம். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறி, ரொம்ப இருந்தால் செங்கல் நிறத்துக்குப் போகும். அவருடையது செங்கல் நிறம். அதைக் கண்முன் பிடித்துக் காட்டி, இந்த ஊசிதான் காரணம், இனி அந்தப் பக்கமே போகக்கூடாது, சர்க்கரை இப்படி இருக்கும்போது முட்டில் அழுக்கு ஊசி பட்டால் உள்ளே சீழ் கட்டிவிடும், காலே போய்விடும் என்று சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: பாயசம் சாப்பிட்டதாலும் இப்படி நிறம் மாறும்தானே?

தொண்டை வறளக் கத்தினேன். சரிங்கம்மா, சரிங்கம்மா என்று தலையாட்டினார். மறுநாள் என் கிளினிக்கில் பாதிப்பேர் வரவில்லை. குற்றாலத்தில் இருந்தார்கள்.

4. ஆவணி முகூர்த்தம்

அவர் அதோடு நிறுத்தவில்லை என்பது எனக்கு ஆவணியில்தான் தெரிந்தது. முதல் முகூர்த்தத்தன்று செங்கோட்டையில் ஒரு கல்யாணம். பெண்ணின் தாயார் எனக்குத் தெரிந்தவர், போயிருந்தேன். தாலி கட்டி முடிந்து பந்திக்குக் கூப்பிடும்போது, ஆறுமுகம் அண்ணாச்சியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பின்கட்டுக்குப் போனேன். அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. அவர் அடுப்புக்குப் பின்னால் ஒரு அரிசி மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்து, கரண்டியை நீட்டி நீட்டி ஆட்களுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை, ஆனால் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு அனலுக்கு நடுவில் ஒரு மனிதர் குளிரில் நடுங்குவதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

வேட்டியை விலக்கிப் பார்த்தேன். முட்டு பூசணிக்காய் அளவுக்கு வீங்கிச் சிவந்திருந்தது. தொட்டால் கொதித்தது. அசைக்க விடவில்லை. எத்தனை ஊசி என்று கேட்டேன். நாலு. கடைசியாகப் போட்டது மூன்று நாளைக்கு முன்னால். அதுவும் எப்படி? அருவிக்கரையில் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அருவியில் நின்றுவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு போகாத காலோடு நேரே லாட்ஜுக்குப் போயிருக்கிறார். அங்கே பஞ்சால் ஒரு துடை துடைத்துக் குத்தியிருக்கிறார்கள். அருவிக்கரைக்குத் திரும்ப வந்து, எண்ணெய் தேய்த்துவிடும் ஆளிடம், குத்திய இடத்தின்மேலேயே மறுபடி எண்ணெய் வைத்து நன்றாக அழுத்தித் தேய்க்கச் சொல்லியிருக்கிறார்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"உள்ள போன எண்ணெயும் வெளிய இருக்க எண்ணெயும் ஒண்ணு சேரணும்லா டாக்டரம்மா. எல்லாரும் அப்படித்தான செய்தாவ."

எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அதுதான் உண்மை. ஊசிக்கு முன்னால் தேய்ப்பு, ஊசிக்குப் பின்னால் தேய்ப்பு, அதன்பிறகு முட்டை அருவிக்கு நேரே காட்டி நிற்பது. சீசன் டாக்டர் செய்யச் சொல்லவும் இல்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. அவருக்கு என்ன வந்தது?

உடனே பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். இரண்டாம் பந்தி முடியட்டும் என்றார். சொதி இன்னும் இறக்கவில்லையாம். அந்த இடத்தில் நான் என்ன வார்த்தையெல்லாம் பேசினேன் என்பதை எழுத முடியாது. கல்யாண வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள். நாலு பேர் அவரைத் தூக்கிக் கல்யாண வீட்டுக் காரின் பின்சீட்டில் கிடத்தினார்கள். என்ன மருந்து போட்டார்கள் என்று தெரிந்தால் ஆஸ்பத்திரியில் சொல்ல உதவும் என்பதற்காக போகிற வழியில் கிளினிக்கில் நிறுத்தி மாடசாமியைக் குற்றாலத்துக்கு அனுப்பினேன். அவர் போனபோது லாட்ஜின் கீழ்த்தளத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்களாம். சாரல் நின்றுவிட்டது, டாக்டர் முந்தாநாளே காலிசெய்துகொண்டு போய்விட்டார் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். கீல் பொருத்திய பலகையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

முட்டைத் திறந்து சீழைக் கழுவி எடுத்தார்கள். ஒரு வாரம் காலை எடுக்க வேண்டியிருக்குமோ, அதற்கு முன்னால் உயிரே போய்விடுமோ என்று பயந்துகொண்டே இருந்தோம். அவர் மனைவி கோமதி ஆஸ்பத்திரி வராந்தாவில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தார். உயிர் பிழைத்தது, காலும் பிழைத்தது. ஆனால் மாவுக்கட்டைப் பிரித்து, மாதங்கள் கழிந்து பார்த்தபோது முட்டு முட்டாக இல்லை. மேலெலும்பும் கீழெலும்பும் ஒட்டி ஒரே எலும்பாக இறுகிவிட்டன. கால் விறைத்து நேராக நின்றது, இனி எந்தக் காலத்திலும் மடங்காது.

தையில் மகள் கல்யாணம் நடந்தது. சமையல் வேறு ஒருவர். ஆறுமுகம் அண்ணாச்சி பந்தலின் ஓரத்தில் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, சொதியைக் கையில் விட்டு நக்கிப் பார்த்து உப்பு சொன்னார். முதல் பந்திக்கு இலை போட்டார்கள். சம்பந்தி தன் பக்கத்து இலையைக் காட்டி அவரைக் கூப்பிட்டார். "வயிறு சரியில்ல, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு இலை காலியாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

5. மறு சீசன்

அடுத்த ஆனியில் சாரல் விழுந்தது. சீசன் டாக்டரும் வந்துவிட்டார். லாட்ஜ் மட்டும் வேறு, அருவிக்கு இன்னும் பக்கத்தில். மாடசாமிதான் வந்து சொன்னார். எனக்குக் கோபம் என்றால் அப்படியொரு கோபம். புகார் சொல்லிப் பயனில்லை, நான் பேசியும் பயனில்லை. சரி, கண்ணால் பார்த்தாலாவது புத்தி வராதா என்று நினைத்தேன். இலஞ்சிக்குப் போய் ஆறுமுகம் அண்ணாச்சியிடம், என்னோடு ஒருமுறை அந்த வரிசைக்கு முன்னால் வந்து நிற்க முடியுமா என்று கேட்டேன்.  அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

லாட்ஜ் வாசலில் சாரலுக்கு ஒதுங்கி ஒரு கூட்டம் நின்றது. எல்லாம் வயதானவர்கள். நான் உரக்கச் சொன்னேன், இவரைப் பாருங்கள், போன வருஷம் இதே டாக்டரிடம் ஊசி போட்டவர், இவர் காலைப் பாருங்கள் என்று. ஆறுமுகம் அண்ணாச்சி கம்பை ஊன்றி விறைத்த காலோடு நின்றார். எல்லோரும் பார்த்தார்கள். முன்னால் நின்ற ஒரு பெரியவர் கேட்டார்.

"இப்ப வலிக்கா அண்ணாச்சி?"

ஆறுமுகம் அண்ணாச்சி உள்ளதை உள்ளபடி சொல்லுகிற மனிதர்.

"இல்ல, வலிக்கல."

ஒட்டிப்போன முட்டு எப்படி வலிக்கும்? உரசுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? அதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் வரிசையில் சலசலப்பு. "கொஞ்சங்கூடயா?" என்றார் இன்னொருவர். "சுத்தமா இல்ல" என்றார் இவர். எத்தனை ஊசி என்று கேட்டார்கள். நாலு என்றார். பின்னால் யாரோ, அப்படியென்றால் நாமும் நாலாகவே போட்டுக்கொள்ளவேண்டும் என்று சொன்னது என் காதில் விழுந்தது.

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. எச்சரிக்கையாக நிற்பார் என்று நான் அழைத்துக்கொண்டுபோன ஆள் விளம்பரமாக நிற்கிறார். உள்ளேயிருந்து அந்தக் கீல் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. 'வலி என்பதே இருக்காது' என்று அந்த மனிதர் சொல்லியிருந்தார். ஆறுமுகம் அண்ணாச்சி விஷயத்தில் அவர் வாக்கு பலித்துவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஆத்திரத்தில் நான் அவர் பக்கம் திரும்பிக் கேட்டேன்.

"வலிய விடுங்க அண்ணாச்சி. தையில ஒங்க மவ கல்யாணத்துல மொதப் பந்தியில நீங்க ஏன் உக்காரல? அதச் சொல்லுங்க."

கேட்ட பிறகுதான் என்ன கேட்டுவிட்டேன் என்று உறைத்தது. வயிறு சரியில்லை என்று சொல்லி அவர் தப்பித்திருக்கலாம். சம்பந்தியிடம் சொன்னதை இங்கேயும் சொல்லியிருக்கலாம். அவர் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"வயிறு சரியில்லன்னு சொன்னேன். அது பொய்யி. சம்பந்தி எல போட்டு வச்சுக் கூப்பிட்டாவ. கால் மடங்கல. அதுல உக்காரணும்னுதான் ஊசியே போட்டேன். இனிமே எந்தப் பந்தியிலயும் உக்கார முடியாது."

 கதவுக்குப் பக்கத்தில் அடுத்த முறைக்காக உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சி மட்டும் நிமிர்ந்து பார்த்தார். பூசைக்கு முன்னால் உட்கார முடியவில்லை என்பதற்காக ஊசி போட வந்தவராம், பிறகு தெரிந்தது. "தரையில உக்காரவே முடியாதா?" என்று கேட்டார். முடியாது ஆச்சி என்றார் இவர். ஆச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, சாரலில் இறங்கிப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் இருந்தவர் ஒரு இடம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஒரே ஒருவர். அவ்வளவு கூட்டத்தில் ஒரே ஒருவர்தான் போனார். பஸ்ஸில் திரும்பும்போது ஆறுமுகம் அண்ணாச்சி காலை நடைவழியில் நீட்டி உட்கார்ந்திருந்தார், கண்டக்டர் ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டித் தாண்டிப் போனார். நான் பொருமிக்கொண்டே வந்தேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். "அவுக கேட்டது வலியப் பத்தித்தான டாக்டரம்மா. கேட்டதுக்குத்தான நான் பதில் சொல்ல முடியும்" என்றார்.

ஆச்சி மறுவாரம் என்னைத் தேடிக் கிளினிக்குக்கு வந்தார். முழுதாகக் குணமாக்கினேன் என்று சொல்லமாட்டேன். தொடைக்குப் பயிற்சி கொடுத்து, விளக்கு மாடத்தை உயர்த்தி, உயரமான பலகையில் உட்காரவைத்தோம். காலடியில் இருந்த பூசை மாடம் இடுப்பு உயரத்துக்கு வந்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. சீசன் டாக்டர் அதற்குப் பிறகும் சில வருஷங்கள் வந்தார். பிறகு வரவில்லை. வேறு அருவியும் வேறு கூட்டமும் எங்காவது கிடைத்திருக்கும்.

இளம் டாக்டர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஊசி கெட்டது, மாத்திரை நல்லது என்று கத்திக்கொண்டிருக்காதீர்கள். நான் பத்து வருஷம் கத்திப் பார்த்தாயிற்று. வலி போகும் என்று எவன் வேண்டுமானாலும் சத்தியம் செய்யலாம், சில வாரங்களுக்கு அதை நிரூபித்தும் காட்டலாம். ஊசி போடுகிறவரிடம் மருந்தின் பெயரைக் கேட்கவும், ஐப்பசியில் எங்கே இருப்பீர்கள் என்று கேட்கவும் உங்கள் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதற்கும் முன்னால் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எண்பத்து மூன்று ஆனியிலிருந்து, முட்டைப் பிடித்துக்கொண்டு யார் உள்ளே வந்தாலும், வலிக்குதா என்று நான் முதலில் கேட்பதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இதைத்தான் கேட்கிறேன்:

"ஒங்களுக்கு எங்கன உக்காரணும்?"